முதல் காதல், இரண்டாம் வாய்ப்பு: சேலம்–ஏற்காடு பின்னணியில் நாவல், பிரிவுக்குக் காரணம் என்ன வைக்கலாம்?

கொலுசுச்சத்தம்:
நாற்பது எபி (எபிசோடு, அதாவது தொடரின் அத்தியாயம்) திட்டம். எபிக்கு 1,200 முதல் 1,500 வார்த்தை. நாயகி சிவதாபுரத்து வெள்ளிப் பட்டறை வீட்டுப் பெண். நாயகன் வீட்டுக்கு ஏற்காட்டில் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம். 2010இல் இருவரும் பிளஸ் டூ, பிறகு கல்லூரி நான்கு வருடம் காதல், 2014இல் பிரிவு, 2025இல் மறுபடி சந்திப்பு. நடுவில் நாயகனுக்குக் கல்யாணமாகி விவாகரத்தும் ஆகிவிட்டது. நாயகி கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

பிரிவுக்கு இப்போது வைத்திருக்கும் காரணம்: நாயகனின் அத்தை மகள் ஒரு போட்டோவைக் காட்டி, அவன் வேறு பெண்ணோடு இருக்கிறான் என்று நாயகியை நம்ப வைக்கிறாள். பத்தாவது எபிக்கு மேல் கதை நகரவில்லை. காரணத்தை மாற்றலாமா, ஃப்ளாஷ்பேக்கை எங்கே வைக்கலாம், ஊர் விவரத்தில் எதைக் கவனிக்கணும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிவப்புமை:
முதலில் அந்தப் போட்டோவைத் தூக்குங்க. படிக்கிறவர் மூன்றாவது எபியிலேயே "ஒரு போன் போட்டுக் கேட்டா முடிஞ்சுதே" என்பார். அதற்குப் பிறகு நீங்கள் எழுதும் ஒவ்வொரு கண்ணீரும் அவருக்கு எரிச்சல்தான்.

இந்த வகைக் கதைக்கு ஒரு சோதனை வைக்கலாம். இருவரையும் ஒரு டீக்கடையில் பத்து நிமிடம் உட்கார வைத்து, எல்லா உண்மையையும் பேச விடுங்கள். எழுந்து போகும்போது பிரச்சினை தீர்ந்திருந்தால் அது நாவலுக்குத் தாங்காது, சிறுகதைக்குத்தான். பேசிய பிறகும் மிச்சம் இருந்தால் அதுதான் காரணம். போட்டோ பத்து நிமிடம்கூடத் தாங்காது.

உங்கள் கையில் வெள்ளிப் பட்டறை இருக்கிறது. அதைக் கொலுசுச் சத்தத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, காரணத்தை அத்தை மகளிடம் ஏன் தேடுகிறீர்கள்?

நடுநிசி_வாசகி:
சிவப்புமை சார் சொல்றதை முழுசா ஏத்துக்க முடியலை. தவறான புரிதல் கதைகளைத் தேடித் தேடிப் படிக்கிறவங்க நிறைய பேர் இருக்கோம். அது எப்போ கடுப்பாகும்னா, புரிதல் பிழை வெளியிலிருந்து வந்து விழும்போது. அந்தப் பொண்ணுக்கு ஏற்கெனவே "நான் இவனுக்குப் பொருத்தமில்லை"ன்னு ஒரு நினைப்பு உள்ளே இருந்து, அதனாலேயே அவள் கேட்காம போனா நம்புவோம். அப்பவும் அதை ஏழெட்டு எபிக்குள்ள உடைச்சிடணும். உடைஞ்ச பிறகு "அப்போ ஏன் நீ என்னை நம்பலை?"ன்னு அவன் கேட்கிற கேள்வி பெரிய கேள்வி. மீதிக் கதை அதுல ஓடும்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவன் முன்னாள் மனைவியைப் பேயா காட்டாதீங்க சிஸ். நாயகியை உயர்த்த இன்னொரு பெண்ணைக் குடிகாரியா, பணப்பேயா எழுதுறதைப் பார்த்துப் பார்த்துச் சலிச்சாச்சு. நல்ல பொண்ணு, ஆனா ஒத்துவரலைன்னு எழுதினா நாயகனுக்குத்தான் மதிப்பு கூடும்.

செவ்வாய்ப்பேட்டையான்:
பட்டறைக் காரணம்னா அந்தத் தொழில் ஓடுற விதம் தெரியணுங்க. பெரும்பாலான பட்டறைக்காரங்க சொந்த வெள்ளியில வேலை செய்யறதில்லை. வியாபாரி கட்டி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். பட்டறையில உருக்கி, கம்பி இழுத்து, வளையம் வளையமாக் கோத்து, இணைப்பைப் பற்ற வைச்சு, மெருகு போட்டுக் கொலுசா எடை போட்டுத் திருப்பிக் கொடுக்கணும். கூலி கிலோவுக்கு இவ்வளவு. சேதாரத்துக்குப் பேசி வைச்ச அளவு ஒண்ணு உண்டு. அதுக்கு மேல குறைஞ்சா பட்டறைக்காரர் தலையில.

இங்கதான் உங்க கதை இருக்கு. அப்படிக் குறைஞ்ச கணக்கு ரூபாயில இல்ல, வெள்ளியில நிக்கும். பத்து கிலோ பாக்கின்னா, விலை ஏறினாலும் இறங்கினாலும் பத்து கிலோவா திருப்பணும். 2010 நடுவுல இருந்து 2011 ஏப்ரல் வரைக்கும் வெள்ளி கிடுகிடுன்னு ஏறி உச்சத்துக்குப் போச்சு. அந்த ஒரு வருஷத்துக்குள்ள, ஒரு கிராம்கூட புதுசா வாங்காத ஆளுக்குக் கடன் ரெண்டு மடங்குக்கு மேல. அதை அடைக்க உச்ச விலையில வட்டிக்குப் பணம் வாங்கி வெள்ளி வாங்கிப் போட்டாருன்னு வைங்க. 2013 ஏப்ரல்ல விலை சரிஞ்சது. வட்டி மட்டும் சரியலை. 2014இல் வீடு அடமானத்துல நிக்குது. உங்க பிரிவு வருஷத்துக்குச் சரியா வந்து உட்காருதுங்க.

பட்டறைக் காட்சிக்கு ஒண்ணு: தரையைக் கூட்டுற மண்ணைக் குப்பையில கொட்ட மாட்டாங்க. அதுல வெள்ளித் தூள் இருக்கும். சேர்த்து வைச்சு, பிரிச்சு எடுக்கிறவங்ககிட்ட விப்பாங்க. கடன் முத்தின வீட்டுல அந்த மண்மூட்டை எத்தனை இருக்குன்னு நாயகி எண்ணிப் பார்க்கிற மாதிரி ஒரு இடம் வைக்கலாம்.

காப்பிக்காடு:
மேலே சொன்னதோடு தோட்டத்துக் கணக்கையும் சேர்த்தால் முடிச்சு இறுகும். ஏற்காட்டில் அரபிகா வகைக் காப்பிப் பழம் பறிப்பது நவம்பர் முதல் ஜனவரி, கொஞ்சம் இழுத்தால் பிப்ரவரி. வருடத்துக்கு ஒரே மகசூல். சின்னத் தோட்டக்காரர் கையில் காசு புழங்குவது பறிப்பு முடிந்து விற்ற பிறகு ஒன்றிரண்டு மாதம்தான். ஊடுபயிராக மிளகு உண்டு. சில்வர் ஓக் மரத்தில் கொடி ஏறியிருக்கும், அதுவும் ஏறக்குறைய அதே பருவத்தில்தான் கைக்கு வரும். ஜூன், ஜூலையில் போய்ப் பணம் கேட்டால் நிலத்தை விற்றால்தான் உண்டு.

ஆகவே பிரிவை 2014 ஜூனில் வையுங்கள். சொன்னால் அவன் தோட்டத்தை விற்பான் என்று அவளுக்குத் தெரியும். அவன் கையில் வேறு வழி இல்லை என்பதும் தெரியும். சொல்லாமல் போகிறாள்.

இனி பருவப் பிழைகள். சேலத்துக் கதைகளில் அடிக்கடி வருவது, டிசம்பர் குளிரில் காப்பிப் பூ மணக்க முத்தம் கொடுப்பது. டிசம்பரில் செடியில் இருப்பது சிவந்த பழம். பூ வருவது மார்ச், ஏப்ரலில், கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்து எட்டு முதல் பத்து நாள் கழித்து. தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாக விரியும், மல்லிகை போல மணக்கும், இரண்டு மூன்று நாளில் பழுப்பேறி வாடிவிடும். அந்தக் குறுகிய கால அளவைக் கதைக்குப் பயன்படுத்துங்கள். மழை பெய்த அன்றே நாள் குறித்துவிடலாம், "பூ விரியும்போது வருகிறேன்" என்று சொன்னவள் வந்தாளா இல்லையா என்பது பத்து நாளில் தெரிந்துவிடும்.

பனி பொழிவதாக எழுதாதீர்கள். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். மூடுபனி உண்டு, வெண்பனிப் பொழிவு கிடையாது. "மலையாளி" என்று சொல்லப்படும் பழங்குடி மக்களைக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்து வசனம் எழுதுகிறார்கள். அவர்கள் பேசுவது தமிழ்.

நடுநிசி_வாசகி:
எல்லாம் சரி, ஆனா "அவனுக்காகச் சொல்லாம போனாள்" என்றால் தியாகச் செம்மல் நாயகி ஆயிடுவாளே. கடைசி எபியில எல்லாரும் அவள் காலைத் தொட்டுக் கும்பிடாத குறையா முடியும்.

சிவப்புமை:
சரியான பயம். அதைத் தவிர்க்க வழி, அவள் செய்தது அவனுக்கு இழைத்த அநியாயம் என்று கதையே சொல்ல வேண்டும். தோட்டம் அவனுடையது. விற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமையை அவள் பிடுங்கிக்கொண்டாள். 2025இல் அவன் கோபப்பட வேண்டியது "ஏன் விட்டுட்டுப் போனே" என்பதற்காக இல்லை, "என்னைக் கேட்காம எனக்காக நீ ஏன் முடிவு பண்ணினே" என்பதற்காக. அவள் மன்னிப்புக் கேட்க வேண்டியதும் அதற்கே.

அவன் பக்கமும் ஒரு கணக்கு வேண்டும். மலையிலிருந்து இறங்கினால் ஒரு மணி நேரத்தில் சிவதாபுரம். அவன் ஏன் வந்து நிற்கவில்லை? அவள் அனுப்பிய ஒற்றை மெசேஜை நம்பி, ரோஷத்தில் உட்கார்ந்திருந்தான், அடுத்த வருடமே வீட்டில் காட்டிய பெண்ணுக்குத் தலையாட்டினான். அந்தப் பெண்ணின் ஐந்து வருடம் வீணானதற்கு அவனும் பொறுப்பு. இருவர் பக்கமும் கடன் இருந்தால்தான் இரண்டாம் பாதியில் காட்சிகள் தானாக வரும்.

செவ்வாய்ப்பேட்டையான் சொன்ன விலைக் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் அரபிகா உலகச் சந்தையில் அதுவரை காணாத உச்சம். அதே வருடம் வெள்ளியும் பழைய உச்சத்தைத் தாண்டியது. அன்று அவர்களைப் பிரித்த தொகையை இன்று அவன் ஒரே மகசூலில் கட்டிவிடலாம். அவள் அப்பாவின் கடனை இன்று அவன் அடைக்க வந்தால் அவள் என்ன செய்வாள்? இருபதாவது எபிக்கு அந்தக் காட்சியை எடுத்து வையுங்கள்.

ஃப்ளாஷ்பேக் பற்றி. மொத்தக் கதையில் கால்வாசிக்கு மேல் போக வேண்டாம். நாற்பதில் பத்து. அதையும் ஆறாவது எபியில் ஆரம்பித்துப் பதினைந்தில் முடிக்கிற பழக்கம் இருக்கிறதே, அங்கேதான் தொடர் படிப்பவர்கள் கழன்றுகொள்கிறார்கள். துண்டு துண்டாக, ஒரு கேள்வி எழுந்த உடனே பதிலாக வரட்டும். அவன் அவளை "கண்ணு" என்று கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்ட எபிக்கு அடுத்தது, முதன்முதலில் "கண்ணு" என்று கூப்பிட்ட நாள்.

பிரிவுக் காரணத்தைக் கடைசி வரை மூடி வைக்காதீர்கள். நாயகியின் பார்வையிலேயே கதை சொல்லிக்கொண்டு, அவள் மனதில் இருப்பதை முப்பத்தைந்து எபி மறைத்தால் அது ஏமாற்று. வாசகருக்குப் பன்னிரண்டில் தெரியட்டும், நாயகனுக்குப் பதினெட்டில். பிறகு "தெரிந்தும் ஏன் சேரவில்லை" என்பதுதான் ஓட்டம்.

முப்பதுக்கு மேல் ஒரு இரண்டாம் விரிசல் எல்லாரும் வைப்பார்கள். வைத்தால் பழைய பொறியையே மறுபடி வையுங்கள். அவளுக்கு இன்னொரு நெருக்கடி, அவனிடம் சொல்லாமல் முடிவெடுக்க இன்னொரு வாய்ப்பு. இந்த முறை சொல்கிறாள். புதிதாக ஒரு வில்லனையோ விபத்தையோ கொண்டுவந்தால் முதல் முப்பது எபியும் வீண்.

ஷரத்து:
சட்டப் பக்கம் மட்டும் சொல்கிறேன். இந்த வகைக் கதைகளில் விவாகரத்து மூன்று வாரத்தில் கிடைத்துவிடுகிறது.

இந்து திருமணச் சட்டம் 1955இன்படி, கல்யாணமாகி ஒரு வருடம் முடியும் முன் விவாகரத்து மனு போடுவதே விதிவிலக்கான சூழலில்தான். பரஸ்பர சம்மதம் என்றால் 13பி பிரிவு. மனுவுக்கு முன் ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகு ஆறு மாத அவகாசம். 2017இல் உச்ச நீதிமன்றம், தகுந்த வழக்கில் அந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்றது. தளர்த்தக் கேட்கலாம், தானாகக் கிடைக்காது. எனவே நாயகனுக்கு: 2015 கல்யாணம், 2018இல் பிரிந்து வாழ ஆரம்பம், 2019 கடைசியில் மனு, 2020 நடுவில் தீர்ப்பு என்றால் உறுத்தாது. கொரோனா ஊரடங்கில் நீதிமன்ற வேலை தடைபட்டதையும் சேர்த்தால் 2021க்குத் தள்ளலாம். ஒருவர் எதிர்த்து நடத்தும் வழக்கென்றால் வருடக்கணக்கில் இழுக்கும்.

அடுத்த பிழை இன்னும் பரவலானது. இருவரும் இந்து, சாதி மட்டும் வேறு என்றால் "முப்பது நாள் நோட்டீஸ்" தேவையில்லை. அந்த நோட்டீஸ் சிறப்புத் திருமணச் சட்டம் 1954க்கு உரியது. மதம் வேறானவர்கள் பெரும்பாலும் அந்த வழியில் போவார்கள். சாதி மறுப்புத் திருமணத்தை இந்து திருமணச் சட்டத்திலேயே செய்யலாம். தமிழ்நாட்டில் 7ஏ பிரிவின்படி புரோகிதர் இல்லாமல், உறவினரோ நண்பரோ முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் செல்லும். பிறகு பதிவு. கல்யாணம் நடக்காமல், ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்து மட்டும் போட்டுக் கணவன் மனைவி ஆவது இந்தச் சட்டத்தில் கிடையாது.

பள்ளிக் காலக் காட்சியில் பார்வையோடும் பேச்சோடும் நிறுத்துங்கள். நீங்கள் காதலைக் கல்லூரியில் வைத்திருப்பது நல்லது.

செவ்வாய்ப்பேட்டையான்:
ஷரத்து சாதியைத் தொட்டதால கேட்கிறேன். கொலுசுச்சத்தம், உங்க ரெண்டு குடும்பமும் என்ன சாதின்னு உங்களுக்குத் தெரியுமா? கதையில எழுதணும்னு சொல்லலை, எழுதுற உங்களுக்குத் தெரியணும். "அந்தஸ்து வித்தியாசம்"னு பூசி மெழுகுற கதைகள்ல அப்பா ஏன் அவ்வளவு கொதிக்கிறாருன்னு யாருக்கும் புரியாது. இந்தப் பக்கத்துல எந்த வீட்டுலயும் முதல் கேள்வி அதுதான். சாதிதான் தடைன்னா அதை முழுசா எழுதுங்க, பட்டறைக் கடனை விட்டுடுங்க. ரெண்டையும் போட்டா ஒண்ணு இன்னொண்ணை மறைச்சிடும். கடன்தான் காரணம்னா ரெண்டு வீட்டுக்கும் ஆகிற சம்பந்தமாவே வைச்சிடுங்க. பெரியவங்க ஒத்துக்கிட்டும் முறிஞ்ச கல்யாணம்னா இன்னும் வலிக்கும்.

நடுநிசி_வாசகி:
அட, இது நல்லா இருக்கே. நிச்சயம் வரைக்கும் போய் நின்னதுன்னா 2025ல ரெண்டு ஊர்லயும் அதைப் பத்திப் பேச ஆள் இருக்கும்.

போன் விஷயம் யாரும் சொல்லலை. 2014ல பிரிஞ்சவங்க "எங்கே இருக்கானே தெரியலை"ன்னு பதினொரு வருஷம் தேட முடியாது. வாட்ஸ்அப் வந்தாச்சு, ஃபேஸ்புக் இருக்கு. நம்பர் மாறிடுச்சுன்னும் சொல்ல முடியாது, 2011லயே கம்பெனி மாத்தினாலும் அதே நம்பரை வைச்சுக்கிற வசதி நாடு முழுக்க வந்தாச்சு. அதனால தொலைஞ்சு போன காதல் வேணும்னா கதையை 2005க்கு முன்னால கொண்டு போங்க. 2014னா தெரிஞ்சே பேசாம இருந்தாங்கன்னு எழுதுங்க. அவன் டிபி மாத்தினதை அவள் பார்த்தாள், அவன் கல்யாண போட்டோவை யாரோ டேக் பண்ணினதையும் பார்த்தாள். மெசேஜைப் படிச்சா நீல டிக் விழுறது 2014 நவம்பர்லதான் வந்துச்சு. ஜூன் பிரிவுக் காட்சியில நீல டிக்கை வைச்சு அழ வைக்காதீங்க.

பிளஸ் டூ மார்க் எழுதினா 1,200க்கு எழுதுங்க. 600 ஆனது 2019 தேர்விலிருந்துதான்.

காப்பிக்காடு:
சேலத்திலும் காலக்குழப்பம் வரும். ஐந்து ரோட்டு ஈரடுக்கு மேம்பாலம் 2020 ஜூனில் திறந்தது. 2014 காட்சியில் பாலத்துக்கு அடியில் மழைக்கு ஒதுங்க முடியாது. பழைய பஸ் ஸ்டாண்டும் இப்போது இடித்துக் கட்டிய இரண்டடுக்குக் கட்டடம். பதினொரு வருடம் கழித்து வருகிறவர்களுக்குக் கால் பழகிய இடம் மாறியிருப்பதைச் சொல்ல இவை போதும்.

மலையில் இருவரும் மாட்டிக்கொள்ளும் காட்சி கட்டாயம் எழுதுவீர்கள், எல்லாரும் எழுதுகிறார்கள். அடிவாரம் வழியாக ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கனமழையில் மண் சரியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் அப்படித்தான் அந்தப் பாதை அடைபட்டது. ஆனால் குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருக்கிறது. அதை மறந்துவிட்டு "இறங்க வழியே இல்லை" என்று எழுதினால் சேலத்துக்காரர் ஒருவர் கமெண்டில் பிடித்துக்கொள்வார். அந்தப் பாதையிலும் மரம் விழுந்தது, இருட்டுகிறது, அவள் வந்தது இரு சக்கர வண்டி என்று ஏதாவது வையுங்கள். இன்னும் நல்லது, இறங்க வழி இருந்தும் அவள் இறங்காமல் இருப்பது.

மே மாதத்தில் ஏரிக்கரையில் தனியாகப் பேச வைக்காதீர்கள். கோடை விழா, மலர்க் கண்காட்சி என்று கால் வைக்க இடம் இருக்காது. லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று சேலத்து விளக்குகளைப் பார்ப்பதை எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். ஒண்டிக்கடை ரவுண்டானாவில் கடைசி பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில், ஊர்க்காரர் நாலு பேர் பார்க்க, அவள் அவனிடம் பேச வேண்டியிருந்தால் வசனம் தானாகக் குறையும்.

கொலுசுச்சத்தம்:
அத்தை மகளுக்கு விடை கொடுத்தாயிற்று. இப்போதைய கட்டமைப்பு: ஒரே சாதி, நிச்சயம் முடிந்த சம்பந்தம். 2014 ஜூனில் கடன் தெரிந்து நாயகியே முறிக்கிறாள், அப்பாவுக்கும் காரணம் தெரியாது. 2025 மார்ச்சில், பூக்கும் பருவத்தில் சந்திப்பு. முன்னாள் மனைவிக்கு இரண்டு எபி, அவள் பார்வையில்.

இரண்டு கேள்வி. மன்னிப்புக் காட்சி எத்தனையாவது எபி? முதலில் தளத்தில் தொடராகப் போட்டுவிட்டுக் கிண்டிலில் ஏற்றலாமா?

சிவப்புமை:
அவள் மன்னிப்பு இருபத்தெட்டு வாக்கில். அவனுடையது அதற்கு முன்பே, இருபத்து நான்கில் வந்துவிடட்டும். தோட்டத்து முதலாளி கடைசிவரை விறைப்பாக நின்று அவள் மட்டும் அழுதால் பழைய ஆன்டி ஹீரோ கதை ஆகிவிடும். மன்னிப்புக் கேட்பவர் தான் செய்ததைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "எல்லாத்துக்கும் சாரி" செல்லாது. மன்னிப்புக்கு முன்னால் கட்டில் காட்சி வைத்தால் மன்னிப்புக்கு மதிப்பு இராது.

"அப்பாவுக்கும் தெரியாது" என்பதை மறுபடி யோசியுங்கள். கடன் அவருடையது, மகள் கல்யாணத்தை முறித்த மாதமே அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். தெரிந்தும் வாய் திறக்காமல் பதினொரு வருடம் அவள் கையால் சாப்பிட்டார் என்று எழுதினால் உங்களுக்கு இன்னொரு பெரிய காட்சி கிடைக்கும்.

ஷரத்து:
கிண்டிலில் ஏற்றலாம். ஆனால் சந்தா வாசகர்கள் படிக்கும் திட்டத்தில் சேர்க்க வேண்டுமென்றால் கிண்டில் பதிப்புத் தளமான கேடிபியின் 'செலக்ட்' திட்டத்தில் பதிய வேண்டும். அது 90 நாள் ஒப்பந்தம், விலக்கிக்கொள்ளாவிட்டால் தானாக நீளும். அந்தக் காலத்தில் மின்வடிவம் வேறு எங்கும் இருக்கக் கூடாது. மாதிரிக்குப் பத்து சதவீதம் வரை வெளியே வைக்கலாம். உங்கள் நாற்பதில் முதல் நான்கு எபியைத் தளத்தில் விட்டுவிட்டு மீதியை நீக்கிய பிறகு பதியுங்கள். அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை இல்லை. கமெண்டில் யாராவது முழு எபியையும் ஒட்டி வைத்திருந்தால் அதையும் தேடி எடுத்துவிடுங்கள்.